வலது கார்னரில் ஒரு நீண்ட ஆட்டம்: தர்மராஜ் சேரலாதனும் கபடித் தடுப்பாட்டத்தின் மாற்றமும்

கபடியில் பாடிப் போகிறவரைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் பொங்கலையொட்டி நடக்கும் ஆட்டங்களிலும் மைக் பிடித்தவர் கூவுவது பெரும்பாலும் அவர் பெயரைத்தான். கணுக்காலைப் பிடித்து அவரை மடக்கியவரோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து பழைய இடத்துக்குப் போய் நின்றுகொள்வார். அப்படி நின்றுகொண்டே இருந்த ஒருவர் 41 வயதில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். 46 வயதிலும் புரோ கபடி லீக்கில் ஆடினார். தஞ்சாவூர் மாவட்டத் திருச்சனம்பூண்டியில் 1975இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன்தான் அவர்.

இதை உடற்கட்டின் அதிசயமாக எழுதிவிட்டு நகர்வது பத்திரிகை வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவர் ஆடிய இடம் ஒரு காரணம். அந்த இடத்தின் உழைப்பைப் புள்ளியாக எண்ணத் தொடங்கிய காலம் அவருக்குத் தாமதமாகவேனும் வாய்த்தது இன்னொரு காரணம்.

சடுகுடுவாக ஊர்ப் பொட்டலில் இருந்த ஆட்டம் அமைப்புக்குள் வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதிக் குழுவினர் ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இருந்த கபடி, 1990இல் பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமானது. அப்போது சேரலாதனுக்கு 15 வயது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டே அர்ஜுனா விருது பெற்றார். அவரும் பாடிப் போகிறவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தலைமுறையின் கனவு பதக்கம் என்பதைவிட வேலை என்றால் பொருந்தும். ரயில்வே, காவல்துறை, வங்கி, பொதுத்துறை நிறுவனம் என ஏதாவது ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைந்துவிட்டால் வாழ்க்கை நிலைத்துவிடும். துறை அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடலாம். ஆனால் பெயர் மாவட்ட எல்லையைத் தாண்டுவது அரிது. தமிழ்நாட்டுக் கபடி வீரர்களின் வரலாற்றை எழுத முனைபவருக்கு இந்தக் காலம்தான் இருண்ட பக்கம்.

இனி அவர் நின்ற இடத்துக்கு வருவோம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். எழுவரில் இரு ஓரங்களையும் காப்பவர்கள் கார்னர்கள். சேரலாதன் வலது கார்னர். பாடிப் போகும் ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும் ஒரு கணம்தான் கார்னருக்குரியது. முந்தினால், ரைடர் தொட்டுவிட்டுத் திரும்புவார். எதிரணிக்கு ஒரு புள்ளி, தன் அணியில் ஓர் ஆள் குறைவு. பிந்தினால் கால் அங்கே இருக்காது. பிடி விழுந்த பிறகும் வேலை முடியாது. பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர் வந்து அழுத்தும்வரை, நடுக்கோட்டை நோக்கி இழுக்கும் உடலைத் தாங்கியாக வேண்டும். ஆகவே கார்னரின் கலை பாய்வதைவிடப் பாயாமல் இருப்பதில்தான் அதிகம் இருக்கிறது. ரைடரின் வேகம் முப்பதுகளில் தளர்ந்துவிடும். எதிராளியின் இடுப்புத் திரும்பும் திசையைப் படிக்கும் கண்ணோ ஆண்டுக்கு ஆண்டு கூர்மைப்படும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடுவதற்கே 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. கார்னர் இடத்துக்கும் ஏறக்குறைய அப்படியொரு விதி இருக்கலாம் என்று விளையாட்டாகத் தோன்றுவதுண்டு.

தடுப்பவரின் உழைப்பு எண்ணப்படாமல் போவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கன் ஃபுட்பாலில் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதை அந்நாட்டின் தேசிய லீக் அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியதே 1982இல்தான். அதற்கு முந்தியவர்களின் சாதனைகளை ஆய்வாளர்கள் பழைய படச்சுருள்களைப் பார்த்துப் பார்த்துத் தேட வேண்டியிருந்தது. இன்றைய வீரர்களுக்கு அந்தக் குறை இல்லை.

கபடியில் அந்தத் திருப்பம் 2014 ஜூலை 26 அன்று நேர்ந்தது. எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடி லீக் 30 வினாடிக் கடிகாரத்தை எல்லோர் கண்ணுக்கும் முன் வைத்தது. இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ரைடர் வெளியே. இதனால் ஓரமாக நின்று நேரம் கடத்திய ரைடரும் உள்ளே வரவேண்டியதாயிற்று. கார்னருக்கு இரை தானாக வந்தது. களத்தில் மூவரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது மடக்கினால் கூடுதலாக ஒரு புள்ளி, அதாவது சூப்பர் டேக்கிள். ஒரே ஆட்டத்தில் ஐந்து டேக்கிள் புள்ளி எடுத்தவருக்கு ‘ஹை ஃபைவ்’ என்று திரையில் பெயர் ஓடியது. பிடிப்பவருக்கு முதன்முறையாகக் கணக்குப் புத்தகம் கிடைத்தது. அப்போது சேரலாதனுக்கு வயது 39. மற்ற விளையாட்டுகளில் பயிற்சியாளராகியிருக்க வேண்டிய வயது.

பெங்களூரு புல்ஸில் தொடங்கிய அவருடைய லீக் வாழ்வின் உச்சம் 2016. பாட்னா பைரேட்ஸின் தலைவராக, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என வென்று கோப்பையைத் தூக்கினார். அந்த அணியின் முதன்மை ரைடர் பர்தீப் நர்வாலுக்கு வயது 19. தலைவரின் வயதில் பாதிகூட இல்லை. இந்தச் சேர்க்கை தற்செயலானது என்று நான் கருதவில்லை. ரைடர் துணிந்து உள்ளே போவதற்கு, தான் வெளியேறினாலும் பின்னால் ஆட்டம் குலையாது என்ற தெம்பு வேண்டும். அக்டோபர் 22 அன்று அகமதாபாத்தில் ஈரானை 38-29 என வென்ற இந்திய உலகக் கோப்பை அணியிலும் சேரலாதன் இருந்தார். வடநாட்டு வீரர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள்.

அதன்பின் புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என ஊர் மாறிக்கொண்டே இருந்தது. இவற்றில் 2018இன் மும்பைப் பருவம் தனியாகப் பார்க்கத் தக்கது. அந்த ஆண்டு ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் ரைடர் அல்லர். ஈரானின் இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலி. அவரை எடுத்த யூ மும்பா, எதிர்முனையான வலது கார்னரில் 43 வயதுச் சேரலாதனை நிறுத்தியது. தடுப்பாட்டத்துக்கு விலை ஏறிய பருவத்தில் அதன் இரு தலைமுறைகள் ஒரே கோட்டின் இரு முனைகளில் நின்றன. மும்பை அணியில் முன்பு நெடுநாள் கவர் ஆட்டக்காரராக இருந்தவரும் தமிழரே: ஜீவா குமார். 2019இல் பெங்கால் வாரியர்ஸ் கோப்பை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

அதே 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் சேரலாதனைத் தலைவராக்கியது. நாட்டின் கபடி வீரர்களில் பெரும்பகுதியை விளைவிக்கும் மாநிலம், தன் அணியை ஒரு தஞ்சாவூர்க்காரரிடம் ஒப்படைத்தது. மறுபுறம் 2017இல் உருவான தமிழ் தலைவாஸ், சேரலாதன் லீக்கில் ஆடிய காலம் முழுவதும் அவரைக் களத்தில் இறக்கவில்லை; அவரைப் போலவே வலது கார்னரில் நிற்கும் சாகர் ராத்தி என்ற ஹரியானா இளைஞர்தான் பின்னர் அந்த அணியின் தலைவரானார். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டிய 2022 பருவத்தில் சாகரோடு கவரில் கைகோத்து நின்றவர் தமிழ்நாட்டின் எம். அபிஷேக். சேரலாதனின் கடைசிப் பருவம் அதற்கு முந்தைய ஆண்டே, நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் பார்வையாளர்களின்றி பெங்களூருவில் நடந்தேறியிருந்தது.