பண்டிகைக்கு மட்டும் பத்து மணி நேரம்

புது வருஷக் காலண்டர் கைக்கு வந்ததும் தீபாவளியும் பொங்கலும் எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்ப்பதுதான் வெளியூர்த் தமிழனின் முதல் வேலை. திங்கள் என்றால் குஷி. புதன் என்றால் மேனேஜரிடம் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்ற யோசனை. அப்புறம் ரயில் முன்பதிவு. அது திறந்த ஐந்தாவது நிமிஷத்தில் வெயிட்டிங் லிஸ்ட் எங்கேயோ போயிருக்கும். கடைசியில் ஆம்னி பஸ், இல்லையென்றால் சொந்தக் கார். ஹைதராபாத்தில் எங்கள் வீட்டுக் கதையும் இதுதான், பெங்களூரிலோ புனேயிலோ இருக்கும் உங்கள் வீட்டுக் கதையும் அநேகமாக இதுதான்.

டிக்கெட் கிடைத்ததா, எத்தனை ரூபாய் என்று நாம் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட, அந்த ராத்திரி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவர் பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நம் நாட்டுச் சட்டம் அதைப் பற்றி ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம், வாருங்கள்.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அது சின்னச் சட்டம், லைசென்ஸ், பதிவு என்ற அளவில் நின்றுவிட்டது. பெரிய சட்டம் 1939இல் வந்தது. பெர்மிட் என்ற சமாச்சாரத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்து உட்கார வைத்தது அதுதான். அதே சட்டத்தில் டிரைவரின் வேலை நேரத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஓட்டச் சொல்லலாம். நான்குவழிச் சாலையோ ஏ.சி. பஸ்ஸோ இல்லாத காலத்தில், மனுஷன் உடம்பு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து 1961. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 13ஆம் பிரிவு சொன்னது. கூடவே ஒரு விதிவிலக்கு. தொலைதூரத் தடங்களிலும், பண்டிகை போன்ற சமயங்களிலும், அதிகாரியின் ஒப்புதலோடு நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் நாளைக்குப் பத்து மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டவே கூடாது.

முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பண்டிகைக் கூட்டம் என்ற விஷயம் 1961லேயே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! தேரோட்டமும் கும்பமேளாவும் தீபாவளியும் உள்ள நாட்டில் எட்டு மணி நேரம் என்று முரண்டு பிடித்தால் பஸ் ஓடாது என்று தெரிந்து, இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு மேல் கிடையாது என்று கோடும் கிழித்தார்கள். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு சொல்லிற்று. இப்போதிருக்கும் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும் தன் 91ஆம் பிரிவில், டிரைவரின் வேலை நேரத்துக்கு 1961ஆம் வருஷத்துச் சட்டத்தைத்தான் கை காட்டியது.

அப்படியென்றால் ஓட்டை எங்கே? அதற்கு பஸ்ஸின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் பஸ் இரண்டு ஜாதி. வழியில் ஆளை ஏற்றி இறக்கி, தனித்தனியாக டிக்கெட் கொடுத்து ஓடினால் ஸ்டேஜ் கேரியேஜ். ஒரு கல்யாண கோஷ்டி மாதிரி மொத்தமாக வாடகை பேசி, ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்கினால் கான்ட்ராக்ட் கேரியேஜ். முதல் ஜாதியைப் பல மாநிலங்களில் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1972இல் பல்லவன் வந்தது. நெடுந்தூரத்துக்குத் திருவள்ளுவர் வந்தது, 1997இல் பெயர் மாறி அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பண்டிகைக் கூட்டத்துக்கு அந்த பஸ்கள் போதவில்லை. கல்யாண கோஷ்டிக்கான பெர்மிட்டை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு டிக்கெட் போட்டு தினமும் ஓடும் பஸ்கள் அந்த இடைவெளியில் நுழைந்தன. நாம் ஆம்னி பஸ் என்று அழைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. கர்நாடகத்தில் இந்தத் தொல்லை அப்போதே முற்றி, 1976இல் மாநில அரசு சட்டம் போட்டு கான்ட்ராக்ட் கேரியேஜ் பஸ்களையே கையகப்படுத்தியது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்றது. அந்தச் சட்டத்தை 2003இல் கர்நாடகமே ரத்து செய்தது. அதற்குள் பெங்களூர் வேறு ஊராகியிருந்தது. ஐ.டி. வேலைக்கு ஊர் ஊராக வந்த கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போக வேண்டுமே! 2001இல் வோல்வோ இந்தியாவுக்கு வந்தது. 1999இல் அடிக்கல் நாட்டிய தங்க நாற்கரச் சாலைத் திட்டம் சென்னையையும் பெங்களூரையும் மும்பையையும் நான்கு வழியில் கோத்தது. நூறு கிலோமீட்டர் வேகம் சர்வசாதாரணமானது.

இதில் நாம் பார்க்க மறந்தது ஒன்று. டிப்போவில் இருந்து கிளம்பும் அரசு பஸ்ஸுக்கு டைம் டேபிள் உண்டு, டியூட்டி சார்ட் உண்டு, தட்டிக் கேட்கச் சங்கம் உண்டு. (அங்கேயும் பண்டிகை நாளில் டபுள் டியூட்டி நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை.) கல்யாண கோஷ்டி பெர்மிட்டில் ஓடும் பஸ்ஸுக்கு, காகிதத்தில், நாளைக்குத் திரும்பும் ட்ரிப் என்பதே கிடையாது. இல்லாத ட்ரிப்புக்கு டியூட்டி சார்ட் எங்கிருந்து வரும்? போதாததற்கு 1961ஆம் வருஷத்துச் சட்டம், ஐந்து பேருக்காவது வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்குத்தான் நேரடியாகப் பொருந்தியது. ஒற்றை பஸ் முதலாளி தப்பித்துக்கொள்வார்.

பண்டிகைக் கூட்டத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒருவழிக் கூட்டம். தீபாவளிக்கு முந்தின இரண்டு ராத்திரி எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வர ஆள் இல்லை. போன பஸ் காலியாகவாவது மத்தியானத்துக்குள் திரும்பினால்தான் அன்று ராத்திரி அடுத்த கூட்டத்தை ஏற்ற முடியும். வருஷத்தின் வசூலே அந்த நாலைந்து ராத்திரியில் இருக்கிறது. ஒன்பது மணி நேரத் தொடர் ஓய்வு இந்தக் கணக்கில் எங்கே இடம் பிடிக்கும் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

2013 அக்டோபர் 30. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. பெங்களூரில் இருந்து ஹைதராபாத் வந்துகொண்டிருந்த தனியார் வோல்வோ, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் பாலெம் என்ற ஊருக்கருகே சிறுபாலத்தின் சுவரில் மோதித் தீப்பிடித்தது. 45 பேர் வெந்து செத்துப்போனார்கள். நேரம், அதிகாலை ஐந்து மணி சுமார்.

2025 அக்டோபர் 24. தீபாவளி முடிந்து நான்காவது நாள். அதே நெடுஞ்சாலையில், எதிர்த்திசையில், ஹைதராபாத்தில் இருந்து பெங்களூர் போன பஸ் கர்னூலைத் தாண்டி சின்னடேக்கூரு அருகே, சாலையில் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிள் மேல் ஏறி அதை இழுத்துக்கொண்டு போனதில் தீப்பிடித்தது. பஸ்ஸுக்குள் 19 பேர் இறந்தார்கள். மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தவர் அதற்கு முன்பே விழுந்து இறந்திருந்தார். நேரம், அதிகாலை மூன்று மணி சுமார்.

இந்த இரண்டிலும் டிரைவர் கண் அசந்தாரா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது விசாரணையின் வேலை. நான் கவனிக்கச் சொல்வது கடிகாரத்தை. மூன்று மணி, ஐந்து மணி. தூங்கியே தீர வேண்டும் என்று உடம்பு அடம்பிடிக்கிற நேரம் அதுதான். நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவருக்கே அந்த நேரத்தில் பிரேக் மேல் கால் போவது கொஞ்சம் தாமதமாகும். ரோட்டில் ஏதோ கிடக்கிறது என்று கண் பார்த்து மூளைக்குச் சொல்ல ஒரு விநாடி கூடுதலானால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் பஸ் 28 மீட்டர் தாண்டிவிடும்.

இரண்டு விபத்துக்குப் பிறகும் நடந்தது ஒன்றே. சில வாரங்கள் அதிகாரிகள் டோல் கேட்டில் நின்று சோதனை போட்டார்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, கண்ணாடி உடைக்கச் சுத்தி இருக்கிறதா, அவசர வழி திறக்கிறதா, பெர்மிட் எங்கே என்றார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அவை எல்லாமே விபத்து நடந்த பிறகு பிழைப்பதற்கான ஏற்பாடுகள். "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்ற கேள்விக்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் கட்டம் போட்ட படிவம் இருந்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பஸ் எரிந்தால் தலைப்புச் செய்தி. ஆனால் சாகிறவர்களில் பஸ் பயணிகள் கொஞ்சம்தான். 1970இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 14,500 பேர். 2022இல் 1,68,491 பேர், அதாவது நாளைக்குச் சுமார் 462 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். 2022 கணக்கில் கிட்டத்தட்ட 45 சதவீதம் இருசக்கர வாகனக்காரர்கள், ஏறக்குறைய 20 சதவீதம் நடந்து போனவர்கள், 12 சதவீதத்துக்கு மேல் காரில் போனவர்கள். பஸ்ஸில் போனவர்கள் மூன்று சதவீதம்கூட இல்லை. ஆகவே, பஸ்ஸுக்குப் பயந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம் இல்லை.

இந்த வரலாற்றின் கடைசி அத்தியாயம் நம்மைப் பற்றியது. சாலை நன்றாகி, கையில் காரும் வந்த பிறகு பண்டிகை டிரைவராக நாமே மாறிவிட்டோம். காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ். மூன்று மீட்டிங். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பெட்டிகளை டிக்கியில் திணித்து, பிள்ளைகளைப் பின்சீட்டில் தூங்கப் போட்டு, "ராத்திரியோட ராத்திரியா போயிடலாம், டிராஃபிக் இருக்காது" என்று கிளம்புகிறோம். பெங்களூரில் இருந்து மதுரை 430 கிலோமீட்டர் சொச்சம். ஹைதராபாத்காரர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வேலைக்கு வைத்த டிரைவரை ஒரு முதலாளி இப்படி ஓட்டச் சொன்னால் அது குற்றம். நம்மை நாமே ஓட்டச் சொன்னால் கேட்க ஆளில்லை. நமக்கு 13ஆம் பிரிவும் இல்லை, ஒப்புதல் தர அதிகாரியும் இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் அதிகாரி, அவரும் பத்தரை மணிக்கே தூங்கிவிடுவார்.

தாய்லாந்தில் புத்தாண்டு விடுமுறையையும், நம் சித்திரைப் பிறப்பையொட்டி வரும் சொங்க்ரான் விடுமுறையையும் 'ஏழு ஆபத்தான நாட்கள்' என்றே பெயரிட்டு, ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அரசாங்கமே அறிவிக்கிறது. எண்ணிக்கை பெரிதாகக் குறைந்துவிடவில்லை, ஆனால் எண்ணுகிறார்கள். நம்மிடம் வருஷாந்தர அறிக்கையில் மாத வாரியாக, மணி வாரியாக எல்லாம் இருக்கிறது, தீபாவளி வாரத்துக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. எத்தனை சிறப்புப் பேருந்து விட்டோம் என்ற கணக்கு மட்டும் தவறாமல் வரும்.

நம்பிக்கையாகச் சொல்லவும் ஒன்றிரண்டு உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2014இல் சாலைப் பாதுகாப்புக்கு நீதிமன்றமே குழு போட்டது. அதே வழக்கில் 2025 ஏப்ரலில், டிரைவர்களின் எட்டு மணி நேர விதியை மாநிலங்கள் எப்படி அமல்படுத்தப் போகின்றன என்று கூடிப் பேசி முடிவு செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவானது. 2025 நவம்பர் 21 முதல் 1961ஆம் வருஷத்துச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டாலும், எட்டு மணி நேரம் என்ற அடிப்படை அங்கேயும் இருக்கிறது. காகிதத்துக்கு என்றுமே குறைவில்லை.

காகிதத்தை ரோட்டுக்குக் கொண்டுவருவதில் நம் பங்கும் இருக்கிறது. பஸ் டிக்கெட் எடுக்கும்போது சார்ஜிங் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்கிறோம். எத்தனை டிரைவர், எங்கே மாறுவார்கள் என்றும் கேட்போம். நூறு பேர் கேட்டால் பதில் தயாராகும். சொந்தக் காரில் போகிறவர்கள் 1939இன் அரை மணியையும் 1961இன் எட்டு மணியையும் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளலாம். ஆபீஸ் முடித்த அன்றைக்குக் கிளம்பாமல், படுத்துத் தூங்கி, விடிந்த பிறகு கிளம்பலாம். எண்ணெய்க் குளியலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போகலாம். அதனால் என்ன, அம்மா எண்ணெயை எடுத்து வைத்துக் காத்திருப்பார்.