எழுதிச் செய்யும் வானொலி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 2005 மே 5ஆம் நாள் அங்கிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 என்ற பெரிய செயற்கைக் கோளுடன் 42.5 கிலோகிராம் எடையுள்ள ஹாம்சாட் என்ற சிறு கோளையும் சுமந்து சென்றது. அமெச்சூர் வானொலி அன்பர்களுக்காக இந்தியா அனுப்பிய கோள் அது. தரையிலிருந்து வரும் அலையை வாங்கி வேறோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு அதில் இருந்தன. ஒன்று இந்திய அன்பர்களின் படைப்பு. மற்றது வில்லியம் லெய்ஜெனார் என்ற டச்சுப் பொறியியல் மாணவரின் படைப்பு.

ஹாம்சாட்டின் குரல் 145.9 மெகாஹெர்ட்ஸ் அருகே கேட்டது. ஆனால் வீட்டு டிரான்சிஸ்டர் அதைப் பிடிக்காது. தனி வகை ஏற்பி வேண்டும். அது மாணவர் கைக்கு எளிதில் எட்டும் பொருளன்று.

வானொலியில் இந்தத் தடை புதிதல்ல. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னையில் ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. 1927இல் பணமுடையால் கிளப் நின்றது. கருவி சென்னை மாநகராட்சியிடம் சென்றது. 1930இல்தான் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. ஆர்வம் இருந்தும் கருவியின் செலவு வழிமறித்தது.

செலவுக்குக் காரணம் என்ன? பழைய ஏற்பியில் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து வேண்டிய அலையைத் தேர்ந்தெடுக்கின்றன. மற்றொரு சுற்று அதிலிருந்து ஒலியைப் பிரிக்கிறது. வேறு வகை ஒலிபரப்பைக் கேட்க வேறு சுற்றைப் பற்றவைக்க வேண்டும். இதற்கு மாற்றாக, அலையை எண்களாக்கிவிட்டுத் தேர்வதையும் பிரிப்பதையும் கணிப்பொறியின் கணக்காகவே செய்தால் என்ன? இதுவே மென்பொருள் வானொலி. 1990களின் தொடக்கத்தில் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கர் இப்பெயரைப் பரப்பினார். 2001இல் எரிக் பிளாசம் 'ஜி.என்.யூ. ரேடியோ'வைத் தொடங்கினார், ஜான் கில்மோர் பொருளுதவி செய்தார். இதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு அளிக்கலாம்.

நிரல் இலவசமாயிற்று, அலையை எண்ணாக்கும் கருவியோ விலை குறையவில்லை. முடிச்சு 2012இல் அவிழ்ந்தது. ஐரோப்பாவில் கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்க்க விரல் நீளக் கருவி ஒன்று மலிவாக விற்றது. அதிலுள்ள சில்லு பண்பலை வானொலிக்காக அலையின் எண்களை அப்படியே கணிப்பொறிக்கு அனுப்புவதைப் பின்லாந்தின் ஆண்ட்டி பலோசாரி கண்டறிந்தார். ஆஸ்மோகாம் குழுவினர் அதற்கு மென்பொருள் எழுதினர். விநாடிக்கு ஏறத்தாழ 24 இலட்சம் தடவை அலையை அளந்து தரும் ஏற்பி இவ்வாறு பிறந்தது. ஹாம்சாட்டின் அலைவரிசையும் அதன் எல்லைக்குள் அடங்கியது.

லினக்ஸில் தொடங்குவது கடினமன்று. உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலேயே ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர்., ஜிக்யூ-ஆர்.எக்ஸ்., ஜி.என்.யூ. ரேடியோ மூன்றும் கிடைக்கின்றன. அவற்றை நிறுவிக் கருவியைச் செருகியும் ஒலி வராவிட்டால் அஞ்ச வேண்டாம். கருவியின் பூர்வீகம் தொலைக்காட்சி அல்லவா? லினக்ஸ் அதைத் தொலைக்காட்சிக் கருவியென்றே எண்ணித் தன் இயக்கியை முந்திக்கொண்டு ஏற்றிவிடும். அந்த இயக்கியைத் தடைப் பட்டியலில் சேர்த்துக் கணிப்பொறியை மறுபடி தொடங்கினால் தடை நீங்கும். முதலில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரு பண்பலை நிலையத்தைக் கேளுங்கள். திரையில் ஒவ்வொரு நிலையமும் ஒரு குன்றாக எழுவதைக் காணலாம். கேட்கும் கருவி இது. அமெச்சூர் அலைகளில் பேச அரசின் உரிமம் பெற வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஹாம்சாட் 2014 ஜூலையில் மின்கலம் பழுதாகி ஓய்ந்தது. விண்ணில் பழுதான கருவியைத் திறந்து பார்க்க முடியாது. மேசைமேல் உள்ள இந்த வானொலியைத் திறக்கத் திருப்புளிகூட வேண்டாம். வடிகட்டியின் கணக்கில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால், காதில் விழும் ஒலியே மாறும். அன்று சுருளைச் சுற்றிக் கற்றதை இன்று எண்ணைத் திருத்திக் கற்கலாம்.