கண்காணியும் துப்பறிவாளனும்

நமது தோட்டத்து மக்கள் போலீஸ்காரனை 'மாத்தா' என்று அழைத்து வந்தார்களே, அச்சொல்லின் பொருளை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? மலாய் மொழியில் மாத்தா என்பது கண். 'மாத்தா மாத்தா' என்று இரட்டித்தால் காவலன், ஒற்றனும் அவனே. 'கங்காணி' என்பதோ கண்காணி என்னும் நம் சொல்லின் திரிபு. ஆகவே, ரப்பர்க் காட்டில் நம் முன்னோரைச் சூழ்ந்து நின்றவை இரண்டு கண்கள். இரண்டும் துரைக்காகப் பார்த்தனவேயன்றித் தொழிலாளிக்காக ஒருநாளும் பார்த்தனவல்ல. இதனை மனத்திற்கொண்டாலன்றி, 1970களில் மேனாட்டுத் துப்பறியும் தொடர்கள் தொலைக்காட்சி வழியாக வந்தபொழுது சுங்கை சிப்புட் வட்டாரத்து லயங்களில் எழுந்த ஆரவாரம் விளங்காது.

துப்பறிவாளன் தமிழனுக்குப் புதியவனல்லன். 1887இல் கானன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸை, 1893 டிசம்பரில் அவரே அருவியில் தள்ளிக் கதையை முடித்துவிட்டார். இங்கிலாந்தின் வாசகர்கள் கொதித்தெழுந்தனர். பத்திரிகையின் சந்தாவையே பலர் நிறுத்திவிட்டனர். ஆசிரியர் பணிந்து, 1903இல் அவனை உயிரோடு மீட்டுக்கொணர நேர்ந்தது. வாசகன் எழுத்தாளனை வென்ற வேடிக்கை அது! இடையில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்குத் தந்துவிட்டார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் மேனாட்டுச் சரக்கைத் தழுவியும், தம் சொந்தச் சரக்கைக் கலந்தும் எழுதிக் குவித்தனர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1935இலும், சந்திரகாந்தா 1936இலும் படங்களாயின. மடத்தலைவனின் காவிக்குள் ஒளிந்திருந்த காமுகனை வெளியே இழுத்துப் போட்டது பின்னது. இந்நாவல்களில் பாதி குப்பை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'பெரிய இடத்தானும் பொய் சொல்லுவான். அதைக் கண்டுபிடிக்கவும் முடியும்' என்பதைப் பாமரனுக்குக் கற்பித்தவை எந்தப் புராணங்கள்? இந்தக் குப்பையன்றோ கற்பித்தது!

கதையில் கொலை விழுந்தால் துப்பறிவாளன் வருவான். நம்மூரில் என்ன வந்தது? 1948 ஜூன் 16ஆம் நாள் காலை, எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வந்தது அவசரகாலம். ஜூன் 18இல் மலாயா முழுமைக்கும் விரிந்த அச்சட்டம் 1960 ஜூலை இறுதிவரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 'செய்தவன் எவன்?' என்ற கேள்வி போய், 'சந்தேகத்துக்குரியவன் எவன்?' என்ற கேள்வி வந்தது. சந்தேகம் ஒன்றே போதும், விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. காட்டிலிருப்பவருக்குப் போய்ச் சேருமோ என்று அரிசியைக்கூட அளந்து பார்த்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அந்நாளைய பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அறிவுரை ஒன்றே: 'பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லாதே.'

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் தொலைக்காட்சி வந்தது. இந்நாட்டில் அதன் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியதாயினும், தோட்டத்தை வந்தடையச் சில ஆண்டுகளாயின. மாலையில் சில மணி நேரமே மின்சாரம். கிராணியார் வீட்டு வாசலிலோ பொது மண்டபத்திலோ ஒரே பெட்டி. அதன்முன் லயம் முழுவதும். ஆங்கிலம் அறிந்தவர் இல்லை. திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்தைப் பள்ளிச் சிறுவன் ஒருவன் படித்துப் படித்து உரக்கத் தமிழாக்குவான். அவன் கூட்டியும் குறைத்தும் சொன்னதே நம் மக்களுக்குக் கதை. 'ஹவாய் ஃபைவ்-ஓ'வை மோட்டாருக்காகவும் துப்பாக்கிக்காகவும் பார்த்தார்கள், மறுநாள் மறந்தார்கள்.

மறவாதது 'கொலம்போ'. அமெரிக்காவில் 1968இல் தனிப்படமாகவும் 1971 முதல் தொடராகவும் வந்த அதில், கொலைகாரன் யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். 'பிறகு பார்க்க என்ன இருக்கிறது?' என்று எழுந்து போனவர்களும் உண்டு. ஏனையோர் எழவில்லை. கொலைகாரன் பெரும்பாலும் மாளிகைவாசி, கற்றவன், செல்வன். அவனைத் தேடி வருபவனோ கசங்கிய மழைக்கோட்டும், பழைய காரும், தலைவாராக் கோலமுமாக பீட்டர் ஃபால்க். செல்வன் அவனை வாசலிலேயே நிறுத்தி அவமதிப்பான். அவனும் குனிந்து வணங்கிப் புறப்பட்டு, கதவருகே திரும்பி, 'இன்னும் ஒன்றே ஒன்று' என்பான். அந்தத் திருப்பத்தில் மண்டபம் கைதட்டியதை நாம் கேட்டிருக்கிறோம். 'தொரய எப்படி மடக்குறான் பாரு!' என்று ஒரு கிழவர் கூவினார். 'அமெரிக்காவுல மடக்குவான் தாத்தா, இங்க மடக்குவானா?' என்றான் ஓர் இளைஞன். கிழவரிடம் விடையில்லை.

ஒருநாள், ஒரு சிறு அடையாளத்தைக் கொண்டு கொலைகாரன் அகப்பட்டதும், 'எவ்வளவு பெரிய மூளை!' என்று சிறுவர்கள் வியந்தனர். முப்பது ஆண்டுகள் பால்வெட்டிய ஓர் அம்மையார் ஒத்துக்கொள்ளவில்லை. 'இதுல என்னடா பெரிசு? மரத்துப் பட்டையில இருக்கிற வெட்டப் பார்த்தா எவ கத்தின்னு நான் சொல்லிப்புடுவேன். என்னை ஒருத்தனும் கேக்கலே, அவ்வளவுதான்' என்றவர், விளக்கு அணைவதற்குள் லயத்துக்குப் போய்ச் சேர எழுந்துவிட்டார்.