வால்டன் நகரத்துக் கோட்டையும் சுழல்வழியும்

கோட்டை என்பது பகைவரைப் புறத்தே நிறுத்துதற்கென எழுந்தது. மதிலும் அகழியும் கொத்தளமும் அப்பயன் கருதியே அமைந்தன. ஆயினும் உலகின் பல பாகங்களிலே, எவரையும் தடுக்காது வருவோர் யாவரையும் தன் நடுவிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு வடிவத்துக்கும் மக்கள் கோட்டையின் பெயரையே இட்டு வழங்கினர். அவ்வடிவமே சுழல்வழி. அதற்கு வாயில் ஒன்று, பாதையும் ஒன்று. அப்பாதை இடமும் வலமுமாக மடங்கி, நடுவை அணுகுவது போலச் சென்று மீண்டும் விலகி, ஈற்றில் நடுவையே அடைகின்றது. இதனைத் திகைப்பு வழியோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. திகைப்பு வழியிலே கிளைப்பாதைகளும் முட்டுச் சந்துகளும் உள. நடப்பவன் மயங்குதலே அதன் நோக்கம். சுழல்வழியிலே மயங்குதற்கு இடமில்லை. பொறுமை ஒன்றே வேண்டும். கிரேத்தத் தீவிலே மினோஸ் மன்னனுக்கெனத் தெதலஸ் அமைத்ததாகக் கதை கூறும் மாளிகை, நூலைப் பற்றிக்கொண்டு வெளியேற வேண்டிய திகைப்பு வழி. அத்தீவின் நொசஸ் நகரத்து நாணயங்களிற் பெரிதுங் காணப்படுவதோ கிளையற்ற ஏழு சுற்றுச் சுழல்வழி. இம்முரண்பாடு பழங்காலத்தாரை வருத்தியதாகத் தோன்றவில்லை.

கோட்டைப் பெயர் பரந்து வழங்கியமைக்குச் சான்றுகள் பல. சுவீடன் நாட்டார் தம் கற்சுழல்வழிகளைத் துரோய் நகரக் கோட்டை என்றனர். வேல்ஸ் நாட்டு இடையர் புற்றரையில் வெட்டிய வடிவத்துக்கும் அந்நகரின் பெயரே வழங்கியது. ஆனால் வேல்ஸ் மொழியில் அப்பெயர் ‘திருப்பங்களின் கோட்டை’ எனவும் பொருள்படுமாதலின், துரோய்க் கதை பின்னர் ஏற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஈழத்தவர்க்கு இவற்றினும் அணிமையான சான்று அல்பிரூனியின் நூலிலுண்டு. ஏறக்குறைய கி. பி. 1030 இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அப்பேரறிஞர், இலங்கையைப் பற்றிக் கூறுமிடத்து, இராவணனுடைய கோட்டையின் அமைப்பு இதுவெனச் சுழன்று செல்லும் ஒரு வரைபடத்தைத் தந்துள்ளார். தமிழகத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலே தரையிற் கற்களை அடுக்கி அமைத்த இத்தகைய வடிவத்தை ஊரவர் ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்பர். அளேபீடு ஒய்சளேசுவரர் கோயிற் சிற்பத்தில், அபிமன்யு புகுந்த சக்கர வியூகமும் சுழல்வழியாகவே செதுக்கப்பட்டுள்ளது.

பெயரளவிலன்றி, உண்மைக் கோட்டையும் உண்மைச் சுழல்வழியும் ஒரே ஊரில் அருகருகே நிற்குமிடம் ஒன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் மாகாணத்தில் உண்டு. அது சவ்ரன் வால்டன் என்னும் சிறு நகரம். கோட்டையின் சிதைவு மேட்டிலே நிற்கின்றது. அதற்குக் கிழக்கே சிறுதொலைவில், முன்னாளிற் கோட்டைப் பசுந்தரை எனப்பட்ட பொதுவெளியிலே சுழல்வழி கிடக்கின்றது. முன்னதன் கதை ஒரு பிரபுவின் கதை. பின்னதன் கதை ஊராரின் கதை.

அப்பிரபு ஜெப்ரி டி மாண்டவில் என்பான். முதலாம் ஹென்றி 1135 இல் இறந்தபின், அரியணைக்காக ஸ்டீபனும் ஹென்றியின் மகள் மத்தில்டாவும் பொருதனர். அப்போரிலே இருபாலாரிடமும் தன் துணையை விலைபேசி உயர்ந்தவருள் இவனைப் போல் எவருமிலர். 1140 இல் ஸ்டீபன் இவனை எசெக்ஸ் பிரபுவாக்கினான். மறு ஆண்டே இவன் மத்தில்டாவிடம் பட்டயம் பெற்றான். அதன்படி, அயலூராகிய நியூபோட்டிலே கூடிய சந்தையை இவன் வால்டனிலுள்ள தன் கோட்டையடிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓர் ஊரின் பிழைப்பைப் பெயர்த்து மற்றோர் ஊரில் நடுதல் அக்காலத்தில் ஓர் ஏட்டிலே முடிந்த காரியம். ஆனால் ஏறியது போலவே இவன் விரைந்து வீழ்ந்தான். 1143 இல் ஸ்டீபன் இவனைச் சிறைப்பிடித்து, இலண்டன் கோபுரத்தையும் பிளெசி, வால்டன் கோட்டைகளையும் கையளித்த பின்னரே விடுவித்தான். வெகுண்ட ஜெப்ரி, சதுப்பு நிலங்களிற் புகுந்து, ராம்சி மடத்துத் துறவிகளைத் துரத்தி அதனையே அரணாக்கிச் சூறையாடித் திரிந்தான். 1144 இல் பேர்வெல் என்னுமிடத்து அம்பு தைத்துப் புண்பட்டு மாண்டான். திருச்சபையால் விலக்குண்டவனாதலின், இவன் உடலுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அடக்கம் வாய்க்கவில்லை.

கோட்டையும் உடையவனுக்குப் பின் நெடிது வாழவில்லை. இரண்டாம் ஹென்றி 1157-58 அளவில் அதனை இடித்துப் பயனறச் செய்தான். அப்பகுதியிற் கட்டடக் கல் அரிது. அதனாற் சக்கிமுக்கிக் கல்லையுஞ் சுண்ணச் சாந்தையும் சேர்த்து அகன்ற சுவர்களை எழுப்பி, வெளிமுகத்துக்கு மட்டும் நல்ல கல்லைப் பதித்தனர். அந்நல்ல கற்கள் காலப்போக்கிற் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. எஞ்சி நிற்பது உரித்த உள்ளீடு மட்டுமே. அம்மேட்டிலேயே 1835 இல் ஊரவரின் இயற்கையாராய்ச்சிக் கழகம் நூதனசாலை ஒன்றைத் திறந்தது. கோட்டையுட் புகுதல் அன்று தொட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிதாயிற்று.

சந்தையோ நிலைத்தது. ஊர் நெடுங்காலம் ‘சந்தை வால்டன்’ எனப்பட்டது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலே குங்குமப்பூப் பயிர் அங்குச் செழித்தமையால் ‘குங்குமப்பூ வால்டன்’ என்னும் பொருள்தரும் இன்றைய பெயரைப் பெற்றது. கோட்டை கட்டியவன் பெயரை ஊர் ஒருபோதும் சூடவில்லை என்பது நோக்கத்தக்கது.

கோட்டைப் பசுந்தரை தொடக்கத்திற் பிரபுக்களின் களமாகவே இருந்தது. 1252 இல் வால்டனில் நிகழ்ந்த வீரவிளையாட்டிலே ரோஜர் டி லேபேண் என்பவனின் ஈட்டி மற்றொரு வீரனின் தொண்டையிற் பாய்ந்து உயிர் குடித்தது. அவ்வீட்டியின் முனை விதிப்படி மழுக்கப்பட்டிருக்கவில்லை. முன்னொரு விளையாட்டில் இறந்தவன் ரோஜரின் காலை முறித்திருந்தான் என்பதையும் அக்கால வரலாற்றாசிரியர் மத்தேயு பாரிஸ் குறிப்பிடத் தவறவில்லை. அக்களமே பின்னர் மக்களின் பொதுவெளியாயிற்று.

அவ்வெளியிலுள்ள சுழல்வழி, இங்கிலாந்தில் எஞ்சிய எட்டுப் புற்றரைச் சுழல்வழிகளுள் மிகப் பெரியது. வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 100 அடி. சுற்றுக்கள் பதினேழு. நான்கு மூலைகளிலும் கொத்தளம் போல வெளியே புடைத்த மடிப்புக்கள் உள; மேலிருந்து நோக்குவார்க்கு அது மதில் சூழ்ந்த ஒரு கோட்டையின் வரைபடமாகவே தோன்றும். நடுவிலே ஒரு மேடு. வாயிலிலிருந்து அம்மேட்டை அடைய ஏறக்குறைய ஒரு மைல் நடக்க வேண்டும். நேரே நடந்தால் இருபது எட்டுக்கள் போதும்.

இது பாவம் நீங்கும்பொருட்டு முழங்காலில் ஊர்ந்து செல்லத் துறவிகள் வெட்டியது என்று சொல்வார் உளர். பிரான்சிலுள்ள சார்த்திரே பேராலயத்தின் தளத்திலே பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பதித்த பதினொரு சுற்றுச் சுழல்வழியை நினைந்து எழுந்த கருத்து இது. கேட்க இனியதாயினும், ஆதாரமின்றி ஏற்கத்தக்கதன்று. வால்டன் சுழல்வழி பற்றிய முதற் பதிவு, 1699 இல் அதனை வெட்டிய கூலியாக 15 சிலிங் கொடுத்ததாகக் கூறும் நகரக் கணக்கே. ஹில்டன் என்னும் ஊரிலுள்ள மற்றொரு புற்றரைச் சுழல்வழியும், இரண்டாம் சார்ள்ஸ் அரியணை ஏறிய 1660 இல் வெட்டப்பட்டது. ஆதலின் பதினேழாம் நூற்றாண்டு எனக் கொள்வதே தகும். பழமையைக் கூட்டிச் சொல்வதனால் ஓரூரின் பெருமை கூடிவிடாது.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து ஏடொன்று அதன் பயனை விளக்குகின்றது. சுற்றுவட்டார இளைஞர் அங்கே கூடி, வகுத்த விதிகளின்படி நடந்து, பியர்க் குடங்களைப் பந்தயம் வைத்தனர். சில காலம் ஒரு கன்னிப்பெண் நடுமேட்டிலே நிற்க, இளைஞன் இடறாது விரைந்து அவளைச் சென்றடைதலும் வழக்காயிருந்தது. ஈட்டி பாய்ந்த களத்திலே இது நடந்தது என்பதை நினைக்குந்தோறும் வியப்பே விளைகின்றது.

புல்லின் இயல்பு மூடிவிடுதல். ஒரு தலைமுறை வெட்டாதொழியின் சால் தூர்ந்து தரை சமமாகும். இங்கிலாந்தின் பல சுழல்வழிகள் அவ்வாறே அழிந்தன. வால்டன் ஊரவர் 1828, 1841, 1859, 1887 ஆகிய ஆண்டுகளிலே தம் சுழல்வழியை மீண்டும் வெட்டினர். இவர்களுக்குப் பட்டயமோ படையோ இருந்ததில்லை; மண்வெட்டியே இருந்தது. இடையிலே ஓர் இழப்பும் நேர்ந்தது. நடுமேட்டில் நின்ற பெரிய ஆஷ் மரம், 1823 நவம்பர் 5 ஆம் நாள், கை போக்ஸ் விழாவிற் கொளுத்திய தீயில் எரிந்துபோயிற்று. பகைவர் எவரும் வந்து எரிக்கவில்லை. கொண்டாடிய ஊராரே எரித்தனர். 1911 இல் வெட்டியபோது, இனிச் சால் தூராதிருக்கும்பொருட்டு அதன் அடியிலே செங்கற்களைப் பதித்தனர். அவை தேய, 1979 இல் மீண்டும் பதித்தனர். நடப்போர் இன்று மிதிப்பது அச்செங்கல் வரிசையையே. அதன் அகலம் ஓரடிக்கும் குறைவாதலின், எதிரே ஒருவர் வருவாராயின் இருவருள் ஒருவர் புல்லிலே இறங்கி வழிவிட வேண்டும்.