குளிர்காலத்தில் காரின் உட்கண்ணாடியை மறைக்கும் நீர்த்திரை: காரணம் என்ன? நீக்குவது எப்படி?

புதுதில்லி: வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கார் ஓட்டுவோருக்கு இரண்டு திரைகள் இடையூறாகின்றன. சாலையின் மீது கவிந்திருக்கும் பனிமூட்டம் ஒன்று. காரின் கண்ணாடியில் உட்புறமாகப் படியும் நீர்த்திரை மற்றொன்று. முதலாவதை ஓட்டுநரால் விலக்க இயலாது. இரண்டாவதைச் சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். ஆனால் அதற்கான முறையை அறியாமல் பலரும் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறுகையால் வாகனத்தைச் செலுத்துகின்றனர்.

பார்வைத்தொலைவு 200 மீட்டருக்கும் கீழே குறையும்போது அதனை அடர்ந்த பனிமூட்டம் என்றும், 50 மீட்டருக்கும் கீழே குறையும்போது மிக அடர்ந்த பனிமூட்டம் என்றும் இந்திய வானிலை ஆய்வுத்துறை வகைப்படுத்துகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 50 மீட்டரை மூன்றே விநாடிகளில் கடந்துவிடும். எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பார்வையையும் உட்கண்ணாடியின் ஈரம் மறைத்துவிட்டால், முன்னே நிற்கும் லாரி கண்ணுக்குப் புலப்படும்போது பிரேக் பிடிப்பதற்கு நேரம் இருக்காது.

நீர்த்திரை உருவாவது ஏன்?

காற்றில் நீராவி கலந்திருக்கிறது. வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 8 டிகிரியில் இந்த அளவு சுமார் 8 கிராமாகக் குறைந்துவிடும். காருக்குள் இருக்கும் கதகதப்பான காற்று, வெளிக்குளிரால் சில்லிட்ட கண்ணாடியைத் தொடும்போது, தாங்க முடியாத நீராவி நுண்ணிய துளிகளாகக் கண்ணாடியில் படிகிறது. இவ்வாறு படியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை எனப்படுகிறது.

இந்த ஈரத்தின் பெரும்பகுதி பயணிகளிடமிருந்தே வருகிறது. அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியேற்றுகிறார். காரின் உட்பகுதியில் சுமார் 3 கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொண்டால், 20 டிகிரியில் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 50 கிராம் மட்டுமே. நால்வர் ஏறி ஜன்னல்களை முழுமையாக மூடிக்கொண்டால், வெளிக்காற்று வராத நிலையில், சில நிமிடங்களிலேயே கண்ணாடி மங்கத் தொடங்குவது இதனால்தான். ஈரமான கால்மிதி, நனைந்த காலணி, துவட்டாத துணி ஆகியவையும் ஈரத்தைக் கூட்டுகின்றன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, முன்கண்ணாடிக்குரிய டீஃபாகர் பொத்தானை அழுத்த வேண்டும். விசிறி போன்ற வளைந்த வடிவத்தில் மூன்று நெளிந்த அம்புக்குறிகள் இருப்பது இதன் அடையாளம். செவ்வகத்தில் அதே அம்புக்குறிகள் இருந்தால் அது பின்கண்ணாடிக்குரியது. தனிப் பொத்தான் இல்லாத கார்களில், காற்றுத் திசையைத் திருப்பும் குமிழை முன்கண்ணாடிக் குறிக்குத் திருப்பி, விசிறியின் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவதாக, ஹீட்டருடன் ஏ.சி.யையும் சேர்த்து இயக்க வேண்டும். குளிரில் ஏ.சி. எதற்கு என்ற ஐயம் இயல்பானது. ஏ.சி.யின் குளிர்ந்த சுருளைக் கடக்கும்போது காற்றிலுள்ள ஈரம் நீராக வடிந்து காருக்கு வெளியே சென்றுவிடுகிறது. அவ்வாறு உலர்ந்த காற்றையே ஹீட்டர் சூடாக்கி அனுப்புகிறது. உலர்ந்த, சூடான காற்று கண்ணாடியிலுள்ள துளிகளை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். வெப்பநிலைக் குமிழைச் சூட்டின் பக்கமே வைத்திருந்தால் பயணிகளுக்குக் குளிராது.

மூன்றாவதாக, உட்காற்றையே சுழலவிடும் ரீசர்குலேஷன் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். வெளியே பனிமூட்டமாக இருக்கும்போது வெளிக்காற்று ஈரத்தைக் கூட்டிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. 8 டிகிரியில் முழுமையாக ஈரம் செறிந்த காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். எனவே குளிர்காலத்து வெளிக்காற்று, ஹீட்டர் வழியாக வரும்போது உலர்ந்த காற்றே.

தலைநகரில் கூடுதல் சிக்கல்

தில்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் குளிர்காலத்தில் காற்று மாசு கடுமையாக இருப்பதால், வெளிக்காற்றைத் தவிர்க்கவே பலர் விரும்புகின்றனர். இத்தகைய நாள்களில் ரீசர்குலேஷன் நிலையிலும் ஏ.சி.யை நிறுத்தாமல் இயக்கினால் ஈரம் ஓரளவு கட்டுப்படும். எனினும் நீண்ட நேரம் வெளிக்காற்றே இல்லாமல் பயணித்தால் காருக்குள் கரியமில வாயு கூடி, ஓட்டுநருக்கு அசதியும் தூக்கக் கலக்கமும் ஏற்படக்கூடும். ஆகவே இடையிடையே சில நிமிடங்கள் வெளிக்காற்றை அனுமதிப்பது அவசியம். கேபின் ஃபில்டரைக் குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டால், வெளிக்காற்றிலுள்ள தூசியில் ஒரு பகுதி வடிகட்டப்படும். அடைபட்ட ஃபில்டர் காற்றோட்டத்தைக் குறைப்பதால் நீர்த்திரை நீங்கவும் தாமதமாகும்.

ஹீட்டர் வசதி இல்லாத பழைய கார்களில், எதிரெதிர்ப் பக்கங்களிலுள்ள இரண்டு ஜன்னல்களை ஓர் அங்குலம் இறக்கிவைப்பது எளிய வழி.

தவிர்க்க வேண்டியவை

வெறுங்கையால் கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டி, எதிர்வரும் வாகனங்களின் விளக்கொளியைச் சிதறடிக்கும். தூய்மையான, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியை வாகனத்திலேயே வைத்திருந்து, வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னர் துடைக்க வேண்டும். பின்கண்ணாடியின் உட்புறத்தில் காணப்படும் மெல்லிய கோடுகள் சூடேற்றும் மின்கம்பிகள். அவற்றைச் சுரண்டினால் அறுந்துவிடும். கோடுகளின் போக்கிலேயே மென்மையாகத் துடைக்க வேண்டும்.

லடாக், இமாச்சலப் பிரதேசம் போன்ற உறைகுளிர்ப் பகுதிகளில் ஈரம் கண்ணாடியிலேயே உறைந்துவிடும். அதன் மீது வெந்நீர் ஊற்றினால் திடீர் வெப்ப மாற்றத்தால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். பிளாஸ்டிக் சுரண்டியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. உறைநிலையை ஒட்டிய குளிரில் பல கார்களில் ஏ.சி. கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும் என்பதால், அங்கே ஹீட்டரையும் வெளிக்காற்றையுமே நம்ப வேண்டியிருக்கும்.

உயிருக்கு ஆபத்தான தவறும் ஒன்று உண்டு. கண்ணாடி தெளியட்டும் என்று, மூடிய கார் நிறுத்தக் கூடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. ஹீட்டரை இயக்கியபடி நிறுத்திய காருக்குள் உறங்குவதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. அது உள்ளே பரவினால், உறங்குபவர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரிடும். வாகனத்துக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்வதும் இதே ஆபத்தை விளைவிக்கும்.

முன்கூட்டியே தடுக்க

உட்கண்ணாடியில் படியும் தூசியும் எண்ணெய்ப் பசையும் நீர்த்துளிகள் தங்குவதற்கு வசதி செய்து தருகின்றன. ஆகவே வாரம் ஒருமுறை உட்கண்ணாடியைத் தூய்மை செய்வது நல்லது. கால்மிதிகளை இரவில் வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை டாஷ்போர்டின் மீது வைக்கலாம்; இரவு முழுவதும் நிறுத்தியிருக்கும் காருக்கு இது ஓரளவு உதவும், ஆனால் பயணிகள் நிறைந்த காருக்கு இது போதாது.

எப்போது பழுதுபார்க்க வேண்டும்?

யாரும் பயணிக்காத நிலையிலும் காலைதோறும் கண்ணாடியின் உட்புறம் நனைந்திருந்தால், நீர் எங்கிருந்தோ உள்ளே கசிகிறது என்று பொருள். கதவு ரப்பர், சன்ரூஃபின் வடிகால், ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் காருக்குள் இனிப்பு மணமும் இருந்தால், ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசியக்கூடும். கூலண்ட் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் தாமதமின்றி மெக்கானிக்கை அணுக வேண்டும்.

தென்னிந்தியப் பயணிகளுக்கு

சென்னை போன்ற கடலோர நகரங்களில் கண்ணாடி மங்குவது பெரும்பாலும் வெளிப்புறத்தில். ஏ.சி. குளிரால் சில்லிட்ட கண்ணாடியின் மீது வெளிக்காற்றின் ஈரம் படிவதே காரணம். வைப்பரைப் போட்டதும் திரை விலகினால் அது வெளிப்புற ஈரம். அப்போது ஏ.சி.யின் குளிரைக் குறைத்து, காற்று முன்கண்ணாடியில் படாமல் திருப்பிவிட்டால் போதும். அதே கார் குளிர்காலத்தில் உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ மலையேறும்போது ஈரம் உட்புறத்துக்கு மாறிவிடும். அங்கே வட இந்தியாவுக்குரிய முறையையே பின்பற்ற வேண்டும்.

கண்ணாடி தெளிந்த பின்னரும் வெளியே பனிமூட்டம் நீடித்தால், ஹை பீம் விளக்கு மூட்டத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் லோ பீம் விளக்கையே பயன்படுத்த வேண்டும். ஓடும்போது நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் ஒளிரவிட்டால், வாகனம் திரும்பும் திசையைப் பின்னால் வருபவரால் அறிய இயலாது. அவை நின்றுவிட்ட வாகனத்துக்கு உரியவை. சாலை தெரியாத அளவுக்கு மூட்டம் அடர்ந்தால் நெடுஞ்சாலையிலேயே நிற்காமல், சாலையை விட்டு முழுமையாக விலகி, பெட்ரோல் நிலையம் அல்லது உணவகத்தின் வளாகத்தில் வாகனத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.