ஸரதான்: ஹகீம்களின் ஏடு முதல் முனைவர் ஆய்வு வரை

அரபு மொழியில் நண்டுக்கு ‘ஸரதான்’ என்று பெயர். பன்னிரு இராசிகளுள் கடகத்துக்கும் அதுவே பெயர். தமிழில் நாம் புற்றுநோய் என்று வழங்கும் பிணியையும் அரபு மருத்துவ நூல்கள் அச்சொல்லாலேயே குறிக்கின்றன. இப்பெயரீடு அரபியர் தாமே புனைந்ததன்று. கிரேக்க மருத்துவர் புக்ராத் காலத்திலேயே இந்நோய்க்கு நண்டின் பெயர் வழங்கியது. பின்வந்த ஜாலீனூஸ், கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்த நாளங்களை நண்டின் கால்களுக்கு ஒப்பிட்டார். அப்பாஸியர் ஆட்சியில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டபோது, அந்தப் பொருளும் உடன்வந்தது.

இந்நோயைக் குறித்து நம் சமுதாயத்தில் இருவகைப் பேச்சு உலவக் காண்கிறோம். பெயரைச் சொல்லவும் அஞ்சி, விதி என்று கூறிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஒன்று. இதற்கெல்லாம் நம் முன்னோர் அன்றே மருந்து கண்டுவிட்டனர் என்று பெருமிதம் கொள்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முன்னோரின் ஏடுகளில் ஆதாரம் இல்லை. அவ்வேடுகள் உண்மையில் என்ன கூறுகின்றன, அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து ஆய்வு எங்கே வந்து நிற்கிறது என்பதை இங்கு நோக்குவோம்.

தேடலுக்கு ஒரு தூண்டுதல்

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில், அந்நிவாரணத்தை அறிந்தோரும் உண்டு, அறியாதோரும் உண்டு என்னும் கருத்து சேர்ந்து வருகிறது. இந்தக் கூடுதல் குறிப்பு மிக முக்கியமானது. மருந்து உண்டு என்பது நம்பிக்கை. அது இன்னும் நம் கைக்கு எட்டாமல் இருக்கலாம் என்பது எச்சரிக்கை. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதுகையில், நோயாளியின் உள்ளத்தையும் மருத்துவரின் உள்ளத்தையும் இந்நபிமொழி ஒருங்கே திடப்படுத்துகிறது என்றும், மருந்தைத் தேடித் துருவி ஆராயும்படி ஊக்குகிறது என்றும் கூறுகிறார்கள்.

ஆகவே, மருத்துவ ஆய்வு மார்க்கத்துக்குப் புறம்பான உலகியல் வேலை என்று கருதுவோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாகவே எண்ணினார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, எல்லாரும் ஃபிக்ஹின் பக்கமே திரள்வதைக் கண்டு வருந்தியும் எழுதினார்கள்.

இப்னு சீனாவின் கூர்நோக்கு

புகாரா அருகே பிறந்து 1037இல் ஹமதானில் மறைந்த இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ நூலில் ஸரதானைத் தனியே ஆராய்கிறார். வலியற்று இறுகிக் கிடக்கும் கட்டியினின்றும் இதனைப் பிரித்துக் காட்டுகிறார். தொடக்கத்தில் சிறு அவரை விதையளவே கடினமாகத் தோன்றும் இது, பின்னர் வளர்ந்து நாளங்களைப் பரப்பும் என்கிறார். பெயர்க்காரணத்துக்கு இரு விளக்கங்கள் தருகிறார்: நண்டு தன் இரையைப் பற்றுவதுபோல் இது உறுப்பைப் பற்றிக்கொள்வதாலோ, கட்டியின் உருவும் சுற்றிக் கிளைக்கும் நாளங்களும் நண்டை ஒத்திருப்பதாலோ இப்பெயர் வந்திருக்கலாம் என்று தம் எண்ணமாகவே கூறுகிறார், அறுதியிட்டுச் சொல்லவில்லை.

மார்பகம் ஒன்றை மருத்துவர் ஒருவர் வேரோடு அறுத்தபின் மற்ற மார்பிலும் நோய் தோன்றியதாக முன்னோர் கூறிய செய்தியையும் அவர் எடுத்தாள்கிறார். அம்மார்பும் முன்பே நோயின் வழியில் இருந்திருக்கலாம், அல்லது நோய்ப்பொருள் இடம்பெயர்ந்திருக்கலாம் என இரு காரணங்களை நிறுத்தி, பின்னதே தெளிவாகத் தெரிகிறது என்கிறார். நுண்ணோக்கி இல்லாத காலத்தில், நோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வது குறித்து எழுந்த இக்கேள்வி வியப்புக்குரியது. அறுவை செய்வதாயின் நோயைச் சார்ந்த நாளங்கள் எவையும் எஞ்சாதபடி முற்றாக அகற்ற வேண்டும் என்பதும் அவர் விதித்த நெறி.

ஸஹ்ராவியின் நேர்மை

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, அறுவை மருத்துவத்தின் பேராசானாகப் போற்றப்படுபவர். முப்பது பகுதிகள் கொண்ட அவரது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதி அறுவை பற்றியது. கருவிகளின் உருவங்களையும் அதில் வரைந்து காட்டினார். அத்தகைய கைதேர்ந்தவர் ஸரதான் குறித்து எழுதுவது யாது? மார்பு, தொடை போன்ற முற்றாக அறுத்தெடுக்கத்தக்க இடத்தில், சிறிதாகவும் தொடக்க நிலையிலும் இருந்தால் அகற்றலாம் என முன்னோர் உரைத்ததைச் சொல்கிறார். முற்றிப் பெருத்ததாயின் அணுக வேண்டாம் என்கிறார். பிறகு, இத்தகைய நோயாளி ஒருவரையேனும் தம்மால் குணப்படுத்த முடியவில்லை என்றும், தமக்கு முன்னர் எவரும் அதைச் சாதித்ததாகக் கண்டதில்லை என்றும் பதிவு செய்கிறார்.

நம் கல்விப் பாரம்பரியத்தின் மாண்பு இவ்விடத்தில்தான் ஒளிர்கிறது என்போம். தெரியாததைத் தெரியாது என்பதும் இல்மின் ஒரு பகுதி என்று மதரஸாக்களில் போதிக்கிறோம். அதனை ஓர் அறுவை மருத்துவர் தம் துறை நூலிலேயே நிலைநாட்டினார். ஸஹ்ராவியின் அறுவைப் பகுதியையும் அல்கானூனையும், 1187இல் மறைந்த கிரெமோனா நகரத்து ஜெரார்டு தொலைதோவில் இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்க்கு அறிவோடு இந்த ஒப்புதலும் சென்று சேர்ந்தது.

இஷ்பீலியாவின் இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162), தம் ‘அத்தைஸீர்’ நூலில் உணவுக்குழாயில் தோன்றும் வளர்ச்சியை விவரித்தார். விழுங்க இயலாத நோயாளிக்கு வெள்ளிக் குழாய் வழியே உணவூட்டும் முறையையும் குறித்தார். குணப்படுத்த முடியாதபோதும் நோயாளியைக் கைவிடலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

ஆயினும் இவர்கள் ஆய்வுக்கு ஓர் எல்லை இருந்தது. ‘ஸவ்தா’ என்னும் கரும்பித்தம் மிகுவதே நோயின் மூலம் என்ற ஜாலீனூஸின் கொள்கையை அவர்கள் ஏற்றிருந்தனர். அரபியிலும் இலத்தீனிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அக்கொள்கை நிலவியது. ஒவ்வோர் உயிரணுவும் முன்னிருந்த உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்பதை 1858இல் ஜெர்மனியின் விர்கோ வலியுறுத்தினார். அதன்பின், புற்றுநோயின் மூலத்தை உயிரணுவுக்குள்ளேயே தேடும் காலம் வந்தது.

ஸாவுரிலிருந்து ஓர் ஆய்வாளர்

அத்தேடலில் பங்குகொண்ட முஸ்லிம் அறிஞர் ஒருவரை இங்கு அறிமுகம் செய்வது தகும். துருக்கியின் மார்தின் மாகாணத்தில், ஸாவுர் என்னும் சிற்றூரில் 1946இல் பிறந்தவர் அஸீஸ் ஸன்ஜர். எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவர். கல்வி வாய்ப்புப் பெறாத பெற்றோர், பிள்ளைகளின் கல்வியைப் பெரிதெனக் கருதினர். 1969இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் தம் பகுதியிலேயே மருத்துவராகப் பணியாற்றிய அவர், பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டாலஸ் நகரில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார்.

அவரது ஆசிரியர் ஸ்டான்லி ரூபர்ட் ஒரு விந்தையை ஆராய்ந்துவந்தார். புற ஊதாக் கதிரால் சாகும் நிலையிலுள்ள பாக்டீரியா, நீல ஒளி பட்டதும் மீண்டு எழுகிறது. அக்கதிர், மரபுச் செய்தி பொறிக்கப்பட்ட டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை ஒட்டவைத்துப் பிழையாக்குகிறது. ஒளியின் ஆற்றலைக் கொண்டு அவ்வொட்டைப் பிரிக்கும் நொதியே ஃபோட்டோலயேஸ். ஆராய்வதற்கு அது மிகக் குறைந்த அளவே கிடைத்தது. அதற்குரிய மரபணுவை 1976இல் ஸன்ஜர் பிரித்துப் பெருக்கி, பாக்டீரியாவையே அந்நொதியை மிகுதியாக ஆக்கவைத்தார். இதுவே அவரது முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று; 1977இல் பட்டம் கிடைத்தது.

ஆனால் உலகம் உடனே கைதட்டவில்லை. மேலாய்வுக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தார், மூன்றும் மறுக்கப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத் தொழில்நுட்பராகச் சேர்ந்து, ஒளியின் துணையின்றியே பிழை நீக்கும் மற்றொரு முறையை ஆராயத் தொடங்கினார். 1982இல் வட கரோலினாப் பல்கலைக்கழகம் சென்ற அவர், அதன் செயல்முறையை 1983இல் நிறுவினார். பாக்டீரியாவில் நொதிகள் பிழையின் இருபுறமும் வெட்டி, 12 அல்லது 13 எழுத்துகள் கொண்ட துண்டை முழுதாக அகற்றுகின்றன. பின்னர் புதிய துண்டு அங்கே நெய்யப்படுகிறது.

மனித உடலில் ஃபோட்டோலயேஸ் இல்லை. வெயிலின் கேட்டிலிருந்து நம் தோலைக் காப்பது இந்த வெட்டி அகற்றும் முறைதான். பிறவியிலேயே இம்முறை பழுதுற்ற குழந்தைகளுக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் புற்றுநோய் எளிதில் தோன்றுகிறது. எஞ்சிய பிழைகள் உயிரணுவின் கட்டுப்பாட்டைக் குலைத்து நோயாக விளையும் வழி இவ்வாறு புலனாயிற்று. சிகிச்சையிலும் இதற்கு இடமுண்டு. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து புற்று அணுக்களின் டி.என்.ஏ.வைச் சிதைத்தே கொல்கிறது. அச்சிதைவையும் இதே நொதிகள் சீர்செய்துவிடுவதுண்டு. அதனால் மருந்து வலுவிழக்கக்கூடும். காக்கும் படையே பகைவனுக்கும் துணைபோகும் இந்நிலையை அறிவது, சிகிச்சையைத் திட்டமிட இன்றியமையாதது.

இவ்வாய்வுகளுக்காக 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருடன் ஸன்ஜருக்கும் வழங்கப்பட்டது.

நமக்குரிய பாடம்

நோயின் எச்சம் இல்லாதபடி முற்றாக அகற்றுக என்று இப்னு சீனா விதித்ததை, பிழையின் இருபுறமும் வெட்டும் நொதி நமக்கு நினைவூட்டலாம். எனினும் அவர் இதனை முன்னறிந்தார் என்று கூறுவது அவருக்கே இழைக்கும் அநீதியாகும். அவர் கைப்பட்டதை எழுதினார். ஸஹ்ராவி கைக்கு எட்டாததையும் எழுதினார். எட்டாததைப் பிற்காலத்தார் தேடிப் பெறுவதே முறையான வாரிசுரிமை.

நம் இல்லங்களில் இந்நோய் கண்டவர்கள் இருக்கிறார்கள். சிறிதாக இருக்கும்போதே மருத்துவரை நாடச் செய்வதும், தயங்கி நிற்கும் குடும்பத்துக்கு மேற்கண்ட நபிமொழியின் பொருளை எடுத்துரைப்பதும் ஆலிம்களின் கடமை. ஆய்வகத்தில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிடத் துணியும் நம் பிள்ளைகளை, வருவாய் குறைந்த வழி என்று தடுக்காமல், சமுதாயத்தின் ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்றுவோராக மதிக்க வேண்டும். இறக்கப்பட்ட நிவாரணத்தை அறிந்தோர் கூட்டத்தில் அவர்களையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.