அரசாங்க உத்தியோகமும் அதன் வாயிலும்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்பது யாழ்ப்பாணத்து முதுமொழி. கவண்மேந்து என்னும் ஆங்கிலச் சொல்லே நாட்டு மக்கள் நாவில் கோறணமேந்து ஆயிற்று. செய்யும் தொழில் எத்துணைச் சிறியதாயினும் அது அரசாங்கத்தின்கீழ் அமைதல் வேண்டும் என்பது இதன் கருத்து. கேட்போர்க்கு நகைப்பை விளைக்கும் இவ்வாசையின் பின்னே நெடிய சரித்திரம் ஒன்று கிடக்கின்றது. இலங்கை அரசாங்க சேவையில் எவ்வகுப்பார் எக்காலத்தில் பெருகினர், எக்காலத்தில் அருகினர் என்று ஆராயுமிடத்து, திறமையும் ஊக்கமும் ஒருபுறமிருக்க, வேறொன்றே பெரிதும் அதனைத் தீர்மானித்தமை புலனாகும். சேவைக்குள் நுழைவிக்கும் பரீட்சை எவ்விடத்தில், எம்மொழியில் நடைபெற்றது என்பதே அது.

1796 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றினர். கிழக்கிந்தியக் கம்பனி அவற்றை ஆளும் பொறுப்பைச் சென்னை அரசாங்கத்திடம் ஒப்புவித்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் தம்முடன் அமில்தார்களையும் துபாசிகளையும் அழைத்துவந்து, தலைமுறை தலைமுறையாக வரி சேர்த்துவந்த முதலிமாரை விலக்கினர். தென்னைமரத்துக்கும் வரி விதித்தனர். மறு ஆண்டிலேயே குடிகள் கிளர்ந்தெழுந்தனர். வரியின் பாரம் ஒரு காரணமாயின், அதனைத் தண்ட வந்தவர் ஊரறியா அந்நியர் என்பது மற்றொரு காரணம். இக்கிளர்ச்சியின் பயனாக 1798 இல் பிறடெரிக் நோத் தேசாதிபதியாக வந்தார். அவருடன் இங்கிலாந்திலிருந்து தெரிவுசெய்யப்பட்ட இளைஞர் சிலர் வந்தனர். சிவில் சேவை என வழங்கிய உயர் உத்தியோகக் குழாத்தின் தொடக்கம் இதுவே. 1802 இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடானபின் அக்குழாம் மேலும் உறுதிபெற்றது. நியமனம் பெறுவதற்குச் சிபார்சு ஒன்றே அந்நாளில் வேண்டப்பட்ட தகுதி.

கோல்புறூக், கமரன் என்னும் இருவரைக்கொண்ட விசாரணைக்குழு இந்நிலையை மாற்ற முயன்றது. 1833 இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்களின்படி, ஆங்கிலம் கற்ற உள்நாட்டவர்க்கும் சிவில் சேவை திறந்திருக்கவேண்டும் எனப்பட்டது. செலவைச் சுருக்கவேண்டுமென்று சம்பளங்கள் குறைக்கப்பட்டன. இளைப்பாற்றுச் சம்பளமும் நீக்கப்பட்டது. இதனால் விளைந்தது விந்தையானது. வருமானம் குறுகிய சிவில் சேவையாளர் கண்டி மலைநாட்டில் முடிக்குரிய காடுகளை மலிந்த விலைக்கு வாங்கிக் கோப்பி நடத் தொடங்கினர். காணியை விற்கும் அதிகாரியும் அதனை வாங்கும் தோட்டக்காரரும் ஒருவரேயாயின் கச்சேரி அலுவல் எவ்வாறு நடந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. 1845 இல் குடியேற்ற நாட்டு மந்திரி ஸ்ரான்லிப் பிரபுவின் காலத்தில் சேவை மறுபடியும் திருத்தப்பட்டது. பயிர்ச்செய்கையும் வியாபாரமும் தடுக்கப்பட்டன. இளைப்பாற்றுச் சம்பளம் மீண்டது. நாட்டு மொழி அறிவும் வேண்டப்பட்டது. சிக்கனம் என்று கருதிச் சம்பளத்தைக் குறைத்த அரசாங்கம், அதனிலும் பெரிய விலையைக் கொடுத்துப் பாடம் படித்தது எனலாம்.

அவ்வாண்டிலேயே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி சிவில் சேவையில் அமர்ந்து, சிலாபத்தில் நீதிபதியாகப் பணியாற்றினார். இவர் மணியகாரராகவும், பின்னர்ச் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகவும் விளங்கியவர். 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூராக்' என்னும் நூலை 1859 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலம் என்னும் வாயிலினூடாகப் புகுந்த முதற்றமிழர், அம்மொழியிலேயே தமிழ்ப் புலவரை உலகுக்கு அறிவித்தமை நினைக்கத்தக்கது.

1870 இல் போட்டிப் பரீட்சை முறை வந்தது. இலண்டனிலும் கொழும்பிலும் ஒருங்கே பரீட்சை நிகழ்ந்தமையால் இலங்கை இளைஞர்க்கு நல்வாய்ப்புக் கிட்டும்போற் றோன்றிற்று. பத்தாண்டு கழிவதற்குள் அவ்வாய்ப்பு மறைந்தது. 1880 இன் மாற்றத்தின்பின் பரீட்சை இலண்டனில் மாத்திரமே நடந்தது. பரீட்சைத் தாள் மாறவில்லை. பரீட்சை மண்டபம் மாறிற்று. கப்பற் செலவும் இங்கிலாந்திற் சில ஆண்டு தங்கிப் படிக்கும் செலவும் தாங்கவல்ல குடும்பங்கள் எத்தனை இருந்தன? சட்டம் எவரையும் தடுக்கவில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டனர். கடல் தடுத்தது.

இம்மாற்றத்துக்கு முன்னரே கேம்பிரிட்ஜில் கற்று 1875 இற் பரீட்சையிற் சித்தியெய்தியவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். திறந்த போட்டியின்மூலம் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் இவரே. பல ஊர்களில் நீதிபதியாக இருந்தபின் பதிவாளர் நாயகமானார். சீர்குலைந்து கிடந்த அப்பகுதியை ஒழுங்குபடுத்தினார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்கு அவர் எழுதிய அறிக்கை, வெறுங் கணக்காக அமையாது நாட்டின் மக்கள், சமயம், மொழி, வரலாறு ஆகிய யாவற்றையும் தழுவிய நூலாக அமைந்தது. இத்தகையவருங்கூட ஒரு மாகாணத்தை ஆளும் அரசாங்க அதிபர் பதவியைப் பெறவில்லை. இலங்கையரான சிவில் சேவையாளரைப் பெரும்பாலும் நீதிமன்றப் பக்கத்திலேயே நிறுத்திவைத்து, கச்சேரி ஆட்சியை ஆங்கிலேயர் தங்கையில் வைத்திருந்தனர். 1913 இல் இளைப்பாறிய அருணாசலம் 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் றலைவரானார்.

மேற்றளத்தில் இவ்வாறிருக்க, கீழ்த்தளத்தில் வேறொரு கதை நடந்தது. 1905 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் உத்தியோகம் பழக வந்தார். பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப் என்பவரே அவர். அவர்போன்ற ஆங்கிலேயர் உயர்வு பெறுவதற்குத் தமிழோ சிங்களமோ கற்றுப் பரீட்சை கொடுக்கவேண்டியிருந்தது. அவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த உள்ளூர் இலிகிதர், தம் உத்தியோகத்தைப் பெறுவதற்கு ஆங்கிலம் கற்கவேண்டியிருந்தது.

அவ்வாங்கிலம் யாழ்ப்பாணத்தில் மலிவாகக் கிடைத்தது. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் வந்திறங்கினர்; 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. அதன்பின் ஊர்கள்தோறும் பாடசாலைகள் எழுந்தன. சமயத்தைக் காக்கவேண்டுமென்று சைவப் பெரியோரும் ஆங்கிலக் கல்லூரிகளை நிறுவினர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890 இல் தோன்றியது. தெற்கிலே கோப்பியும் தேயிலையும் தெங்கும் செல்வம் கொழித்தன. வடக்கிலோ ஆறில்லை, கிணற்று நீரை இறைத்துப் புகையிலை வளர்க்கும் சிறு தோட்டங்களும் பனந்தோப்புகளுமே உண்டு. முதுசக் காணி பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுப் பரப்புக் கணக்காய்ச் சுருங்கிற்று. காணி ஊட்டமாட்டாத மக்களைக் கந்தோர் ஊட்டியது. இதனைத் தமிழர் பெற்ற சலுகை என்று பிற்காலத்திற் பேசினோர் உளர். நீர் வளமில்லாத நிலத்தில் வாழ்ந்தோர் கண்டுகொண்ட பிழைப்பு என்பதே பொருந்தும்.

இலங்கைக் கந்தோர்கள் நிரம்பியபின் இவர்கள் கடல் கடந்தனர். மலாய் நாட்டிற் புகையிரதப் பாதைகள் விரிந்தபோது, நிலைய அதிபராகவும் இலிகிதராகவும் கணக்கராகவும் பணிபுரிய யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சென்றனர். மாதந்தோறும் மணியோடர் வந்தது. ஓலைக்குடிசை நின்ற வளவிற் கல்வீடு எழும்பியது; ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது; மாப்பிள்ளை மலாயாவில் உத்தியோகம் என்றால் சீதனமும் உயர்ந்தது. 1942 இல் யப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது மணியோடர் நின்றது. ஒரே ஊற்றை நம்பிய ஊர்களின் நிலை என்னவாகும் என்பதற்கு அது முன்னறிவிப்பு. எனினும் போர் முடிந்ததும் பழைய ஆசை மறுபடி தளிர்த்தது.

இவ்வாங்கில வாயிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கச்சேரி முற்றத்து மரநிழலில் மனு எழுதுவோர் ஏன் பிழைத்தனர்? தம் காணியைப் பற்றியோ தம் வரியைப் பற்றியோ அரசாங்கம் அனுப்பிய கடிதத்தைக் குடியானவன் வாசிக்கமுடியாதிருந்தமையாலன்றோ! அம்பாந்தோட்டைச் சிங்களக் கமக்காரனும் வன்னித் தமிழ்க் கமக்காரனும் இவ்விடயத்தில் ஒரே நிலையினர். சுயமொழிப் பாடசாலையிற் கற்ற சிங்கள இளைஞன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் இலிகிதர் பரீட்சைக்குத் தோற்ற இயலாது. அவனுடைய மனக்குறை நியாயமானது. 1944 இல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்துடனேயே அது நிறைவேறியது. இரண்டு கதவுகளைத் திறப்பதற்கு அன்று உடன்பாடு இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின்பின் ஒன்றே திறக்கப்பட்டது.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1961 சனவரி முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலே வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்த இடம் கச்சேரி வாயில் என்பது தற்செயலன்று. குறிப்பிட்ட காலத்துள் சிங்களத்தில் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தர்க்கு வருடாந்தச் சம்பள ஏற்றம் இல்லை என்று அவ்வாண்டு இறுதியில் இறைசேரிச் சுற்றுநிருபம் ஒன்று வந்தது.

செல்லையா கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு விலக்கிய பாரபட்சம் அச்சட்டத்தில் உண்டு என்றது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட உரிமை உண்டு என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவைத் தீர்க்காது வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. அவ்வினாவுக்கு விடை வருமுன் 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கு முறையிடும் உரிமையும், 1972 இல் 29 ஆம் பிரிவும் இல்லாதொழிந்தன. சில ரூபா சம்பள ஏற்றத்தைப் பற்றிய வழக்கு நாட்டின் அடிப்படைக் கேள்வியொன்றை இறுதிவரை கொண்டுசென்று, விடையின்றி நின்றது.

இதற்கிடையில் சேவையின் உருவமும் மாறியது. 1963 மே முதலாந் திகதி சிவில் சேவை ஒழிக்கப்பட்டு இலங்கை நிருவாக சேவை உருவாயிற்று. அதே ஆண்டில் பரம்பரை விதானைமாரின் இடத்துக்குப் பரீட்சைமூலம் தெரிவான கிராம சேவகர் வந்தனர். உயர்குடியினரின் பிடி தளர்ந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் புதிதாகச் சேர்ந்தோருள் தமிழர் தொகை 1960களில் விரைந்து அருகியது. இலிகிதராகியிருக்கக்கூடிய பிள்ளைகளைப் பெற்றோர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் திருப்பினர். 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் அவ்வழியையும் ஒடுக்கியது. அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை.

1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 2007 யூலை முதல் சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியில் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. சிங்கள உத்தியோகத்தர் தமிழ்ப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் காட்சி, கோடீஸ்வரன் காலத்து இலிகிதர் எவரும் கனவிலும் கண்டிராதது.

2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அரசாங்கத்திலும் அதன் சார்பு நிறுவனங்களிலும் பணிபுரிந்தோர் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர். தேர்தற் காலங்களிற் பட்டதாரிகளுக்கு வேலை வாக்களிப்பது எல்லாக் கட்சிகளுக்கும் வழக்கமாயிற்று. வாயிலை அகலத் திறந்த அரசாங்கங்கள், உள்ளே வந்தோர்க்கு மேசையும் வேலையும் இருந்தனவா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. 2022 இற் கருவூலம் வறண்டபோது, அதற்குச் சற்று முன்னர் 65 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வு வயது மீண்டும் 60 ஆயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் மற்றொரு சுற்றுநிருபம் கச்சேரிகளுக்கு வந்தது. உத்தியோகத்தர் விரும்பினால் ஐந்தாண்டுவரை சம்பளமின்றி விடுமுறை பெற்று வெளிநாடு சென்று உழைக்கலாம். சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடமாட்டா என்று அது கூறியது. அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணி நாட்டுக்கு வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு மலாயாவிலிருந்து வந்த மணியோடரை, இம்முறை இறைசேரியே எதிர்பார்த்து நின்றது.